இரண்டு கிளிக்

பதினெட்டு வருடத் துரு.
டில்வின் நெருப்புச் சுடரைக் காட்டிய பிறகுதான்
பின்பக்கத்து போல்ட் அசைந்தது.
பல் பிடுங்கும்போது தாடைக்குள் கேட்குமே,
அந்தச் சத்தம்.

பழைய ஷாக் அப்சார்பரைத் தரையில் நிறுத்தி
உள்ளங்கையால் அழுத்தினான்.
இறங்கியது.
இறங்கியது இறங்கியபடியே இருந்தது.
“இதை நம்பியா வளைவுகளில் போனீர்கள்?”
நான் பதில் சொல்லவில்லை.
கார் தள்ளாடியதையெல்லாம்
சாலையின் குணம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

புதியவை மஞ்சள்.
நாலும் சேர்த்து என் இரண்டு மாதச் சம்பளம்,
யெஸ்டினிடம் ஒரு மாதம் என்று சொல்லியிருந்தேன்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ்,
குமிழுக்குள் இருபது கிளிக்.
வலப்பக்கம் திருகினால் இறுகும்.
இடப்பக்கம் இளகும்.

சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசுகள்.
ஓட்டுகிறவர் ஏறி உட்கார வேண்டுமாம்.
“பக்கத்தில் யாராவது வருவார்களா?
இல்லையென்றால் மணல் மூட்டை வைக்கலாம்.”
ஆளே இருக்கிறார் என்றேன்.
யெஸ்டின் தேநீர்க் கோப்பையோடு ஏறினார்.
கோப்பையையும் சேர்த்தே எடை போட்டது தராசு.
கூடிய கிலோவை டில்வின் உரக்கப் படித்ததும்
“கோட்டைக் கழற்றவில்லையே” என்றார் இவர்.

அக்டோபர். ஹிரைதோக் மேட்டின்மேல் காற்றும் ஆடுகளும்
எங்களைத் தவிர யாருமில்லை.
முன்பெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பினால்
சாயும், யோசிக்கும், பிறகுதான் திரும்பும்,
தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்ததுபோல.
இப்போது
கை நினைத்து முடிப்பதற்குள்
மூக்கு அங்கே போயிருக்கிறது.
வளைவின் நடுவே அந்தப் பழைய மேடு,
மூன்று முறை தூக்கிப் போடுமே, அது.
ஒரே ஒரு ‘ம்’ கொட்டிவிட்டுக்
கடந்து போனது கார்.
நான் சிரித்துவிட்டேன்.
தனியாக ஓட்டியிருந்தால் கத்தியிருப்பேன்.

“ஆட்டுப் புழுக்கைமேல் ஏறினால்கூடத் தெரிகிறது.”
இருபத்தாறு வருடம் தபால் வேன் ஓட்டிய முதுகு
பேசியது.
நான் பதினாறு என்றேன்.
அவர் பன்னிரண்டு.
கைமேல் துண்டு போடாத குறைதான்,
மாட்டுச் சந்தைபோல் பேரம் நடந்து
பென்ட்ரவோலஸ் வரும்போது பதினான்கில் படிந்தது.
ஓரத்தில் நிறுத்தி, நாலு குமிழையும் நானே திருகினேன்.
கிளிக். கிளிக்.
அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு.
இடது வளைவுகளில் எல்லாம் சரியாக இருந்தது.
முதல் வலது வளைவில்
இடது பின்மூலை உட்கார்ந்தது,
உட்கார்ந்த பிறகு
இன்னொரு முறை உட்கார்ந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
யெஸ்டின் ஜன்னலுக்கு வெளியே
ஆடுகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆடு பார்க்கிற ஆளில்லை அவர்.

இரவு டார்ச்சோடு டிக்கியைத் திறந்தேன்.
விரிப்பின் ஓரம் தப்பாக மடிந்திருந்தது.
முன்பக்கம் இரண்டும் பதினான்கு.
பானெட்டைத் திறக்க இன்றுவரை கற்றுக்கொள்ளாதவர்.
வலது பின், பதினான்கு.
இடது பின், அவர் உட்காரும் பக்கம்,
பன்னிரண்டு.
குமிழுக்குப் பக்கத்தில்
கடிதக் கட்டுகளைச் சுற்றுகிற
சிவப்பு ரப்பர் வளையம் ஒன்று.
ஓய்வு பெற்று நாலு வருடமாகியும்
அவர் பைகளிலிருந்து விழுந்துகொண்டுதானிருக்கிறது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வெகுநேரம் குனிந்திருந்தேன்.
பிறகு வலது பின்னையும்
பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூக்குக்கு இப்போது கொஞ்சம் சோம்பல்.
வளைவுக்குள் போகுமுன் பிரேக்கைச்
சற்று நீட்டிப் பிடித்தால் சரியாகிவிடுகிறது.
டில்வின் கேட்டால் திட்டுவான்.

“பதினான்கு பழகிவிட்டது முதுகுக்கு,
பரவாயில்லை” என்றார் யெஸ்டின்,
பாலத்துக்கு முந்தைய இறக்கத்தில்,
மேல்பிடியைப் பிடிக்காமலே.
கியர்த் தண்டில் மாட்டியிருந்தது
சிவப்பு ரப்பர் வளையம்.
அதைப் பார்த்தார்.
நான் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன்.
வலது வளைவு வந்தது.